கிடைக்கோட்டில் ஓடும் நேரம்

முதலாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் சி.ஆர்.ஓ. என்னும் கேதோடு கதிர் ஆசிலாஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தேடுவது அந்தப் பச்சைக் கோட்டைத்தான். இன்டென்சிட்டியைக் கூட்டி, பொசிஷன் குமிழை மேலும் கீழும் திருகினால் ஒருவழியாகக் கோடு கிடைத்துவிடுகிறது. சிக்னல் ஜெனரேட்டரின் ஒயரை மாட்டுகிறார். கோடு விரிந்து ஒரு பச்சைப் பட்டையாகிறது. புத்தகத்தில் போட்டிருந்த சைன் அலையைக் காணோம். இடப்பக்கத்து வோல்ட் குமிழைத் திருகினால் பட்டை உயர்கிறது, ஒடுங்குகிறது. அது உடனே புரிந்துவிடுகிறது, ஏனென்றால் வோல்ட்மீட்டரில் ஏற்கெனவே பார்த்த சமாசாரம். வலப்பக்கத்தில் இருக்கும் டைம் பேஸும் ட்ரிகரும்தான் படுத்தி எடுக்கின்றன. அலை தோன்றுகிறது, ஓடுகிறது, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து சிக்கலாகிறது, தற்செயலாக ஒரு கணம் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. இதை மாணவரின் மந்தம் என்று எண்ணுவது ஆய்வகங்களில் வழக்கம். வரலாறு அவர் பக்கம் நிற்கிறது. மின்சாரத்தைத் திரையில் மேலும் கீழும் அசைக்கிற வேலை 1897இலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நேரத்தை ஒழுங்காக, அளவோடு, சொன்ன இடத்தில் தொடங்கி ஓட வைக்க இன்னொரு 50 ஆண்டுகள் பிடித்தன. ஆசிலாஸ்கோப்பின் வரலாறு என்று வழக்கமாகச் சொல்லப்படுவது அந்தக் கண்ணாடிக் குழாயின் வரலாறு. ஆய்வக மேசையில் நடப்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அந்தக் கிடைக்கோட்டின் வரலாற்றைத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாணவர்களுக்கான மின் ஆய்வகம் பிறந்தபோது அதில் நேரத்துக்கு இடமே இல்லை. 1850களில் வில்லியம் தாம்சன் கிளாஸ்கோவில் ஒரு பழைய ஒயின் நிலவறையை மாணவர்களின் சோதனைக்கூடமாக்கினார். 1861இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் மின்தடையின் அலகை நிர்ணயிக்கக் குழு அமைத்தது. 1874இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம் திறந்தது. மாக்ஸ்வெல் அதன் முதல் பேராசிரியர். ஓம் என்ற அலகைத் திருத்தமாக அளப்பது அதன் ஆரம்பகாலப் பெரிய வேலைகளில் ஒன்று. இத்தனை பேர் மின்தடையின் மேல் இவ்வளவு கரிசனம் காட்டியதற்குக் காரணம் தந்தி. கடலுக்கடியில் ஆயிரக்கணக்கான மைல் கிடக்கும் கேபிளில் எங்கே பழுது என்று கரையில் உட்கார்ந்தபடி சொல்ல வேண்டுமானால், கம்பியின் மின்தடையைத் துல்லியமாக அளக்கத் தெரிய வேண்டும். 1833இல் கிறிஸ்டி கண்டுபிடித்து, 1843இல் வீட்ஸ்டன் பரப்பிய சமனச் சுற்று அதற்குக் கைகொடுத்தது. அது ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கி, பிரிட்டிஷ் தபால்துறையின் தந்திப் பொறியாளர்களிடம் புழங்கி, போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் என்ற பெயரோடு நம் கல்லூரி ஆய்வகங்களுக்கும் வந்து சேர்ந்தது. பி.எஸ்சி. இயற்பியல் படித்த தலைமுறைகள் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்காமலே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுப் போயின.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கருப்பு எபோனைட் மூடியின் மேல் பித்தளைக் கட்டிகள். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதில் செருகிய, கீழே குறுகும் பித்தளை பிளக். பிளக்கைப் பிடுங்கினால் அந்த இடத்து மின்தடை சுற்றுக்குள் வரும். கீழே இரண்டு அழுத்துசாவிகள், ஒன்று பேட்டரிக்கு, ஒன்று கால்வனோமீட்டருக்கு. எந்தச் செய்முறைக் கையேட்டிலும் ஒரு விதி இருக்கும்: முதலில் பேட்டரிச் சாவியை அழுத்து, பிறகுதான் கால்வனோமீட்டர் சாவி, விடும்போது மாற்றி விடு. வைவாவில் காரணம் கேட்டால், தன்தூண்டலால் முள் உதறிவிடும் என்பது விடை. அதாவது, மின்சாரம் பாயத் தொடங்கும் அந்தக் கணத்தில் சுற்றில் ஏதோ நடக்கிறது. நடந்து முடியும் வரை காத்திருந்து, எல்லாம் அடங்கிய பிறகு கண்ணைத் திற என்பதுதான் அந்த விதியின் பொருள். முள் அசையாவிட்டால் அளவீடு சரி. 19ஆம் நூற்றாண்டின் மின் ஆய்வகம் முழுவதும் இந்தச் சுழிமுறையின் மேல் கட்டப்பட்டது. அது மிகத் துல்லியமானது. அந்தத் துல்லியத்துக்குக் கொடுத்த விலை, கண நேர நிகழ்வுகளைத் திட்டமிட்டு ஒதுக்கியது.

வேடிக்கை என்னவென்றால், தந்தித் தொழிலையே ஆட்டிப்படைத்தது அந்தக் கண நேர நிகழ்வுகள்தான். 1858இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கேபிளில் விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. காரணத்தைத் தாம்சன் 1854இலேயே காகிதத்தில் கண்டிருந்தார். நடுவே செப்புக் கம்பி, சுற்றிலும் கட்டாபெர்ச்சா உறை, அதற்கு வெளியே கடல்நீர்: கேபிள் முழுவதுமே நீண்டு கிடக்கும் ஒரு மின்தேக்கி. இந்த முனையில் கொடுத்த கூரான துடிப்பு மறுமுனையில் மெல்ல ஏறி, மெல்ல இறங்கும் மேடாகக் கரைந்து வரும். தாமதம் நீளத்தின் இருமடியாக வளரும். இன்று முதலாண்டு மாணவர் ஒரு மின்தடையையும் மின்தேக்கியையும் தொடராக இணைத்துத் திரையில் பார்க்கும் வளைகோட்டின் மூத்த உறவு இது. அன்று அந்த வளைகோடு சூத்திரத்தில் இருந்தது, ஆய்வக மேசையில் இல்லை. கேபிளின் தலைமை மின்னியலாளரான ஒயிட்ஹவுஸ் சூத்திரத்தை மதிக்கவில்லை. சுமார் 2,000 வோல்ட்டைச் செலுத்திப் பார்த்தார்; சில வாரங்களில் கேபிள் செத்தது. பிறகு 1867இல் தாம்சன் உருவாக்கிய சைஃபன் ரெக்கார்டர், நகரும் காகித நாடாவில் மையால் கோடிழுத்தது. நாடா ஓடும் திசைதான் நேரம். கிடைக்கோட்டுக்கு அதுவும் ஒரு முன்னோடியே. ஆனால் அது செய்தி வாங்கும் அறையின் சொத்து, பாடம் நடக்கும் அறைக்கு வரவில்லை.

மாறுமின்னோட்டம் வந்ததும் காத்திருந்து அளக்கும் முறை முட்டுச்சந்தில் நின்றது. எதுவும் அடங்காத சுற்றில் எதற்காகக் காத்திருப்பது? 1880இல் ஜூபேர் என்ற பிரெஞ்சுக்காரர் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி செய்தார். ஜெனரேட்டரின் தண்டிலேயே ஒரு தொடுமுனையைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் அதே கோணத்தில் மட்டும் அளவி சுற்றோடு தொடும்படி வைத்தார். அளவி அந்த ஒரு கணத்தின் மதிப்பைக் காட்டும். கோணத்தைச் சற்று மாற்றி அடுத்த புள்ளி, மறுபடி மாற்றி அடுத்தது என்று ஓர் அலையை வரைய ஒரு முழுப் பொழுது ஆகும். (இன்றைய அதிவேக சாம்ப்ளிங் ஆசிலாஸ்கோப்புகள் திரும்பத் திரும்ப வரும் அலையிலிருந்து சுற்றுக்கு ஒரு புள்ளி வீதம் திருடிச் சேர்ப்பதும் இதே வித்தைதான்.) 1893இல் ப்ளாண்டெல் ஆசிலோகிராஃப் என்ற பெயரையும் கருத்தையும் தந்தார். 1897இல் டடெல் அதை நடைமுறைக் கருவியாக்கினார். காந்தத்தின் நடுவே இரண்டு மெல்லிய உலோகப் பட்டிகள், அவற்றில் ஒட்டிய பொடிக் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் ஒளி, ஓடும் பிலிம். மின்நிலையத்தின் அலையை அது அப்படியே வரைந்தது. இங்கும் நேரத்தைத் தந்தது இயந்திரத்தின் ஓட்டந்தான், மின்சாரமல்ல.

அதே 1897இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் தன் குழாயை வெளியிட்டார். ஜே.ஜே. தாம்சன் கேம்பிரிட்ஜில் கேதோடு கதிரை வளைத்து எலக்ட்ரானை எடைபோட்ட ஆண்டும் அதுவே. பிரவுனுக்குக் கதிர் என்னவென்பதில் அக்கறை குறைவு. எடையே இல்லாத முள்ளாக அது பயன்படும் என்பதில்தான் அக்கறை. குழாயின் பக்கத்தில் வைத்த சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிப்புள்ளி மேலும் கீழும் ஆடும். அவ்வளவுதான் அந்தக் குழாய் செய்தது. ஆடும் புள்ளி கண்ணுக்கு நெட்டுக்கோடாகத்தான் தெரியும், இன்றைய மாணவரின் பச்சைப் பட்டையைப் போல. அதை அலையாகப் பிரிக்க பிரவுன் ஒரு சுழலும் கண்ணாடியை வைத்து அதில் பார்த்தார். நேரம் இன்னும் குழாய்க்கு வெளியே, ஒரு சுழலியில்தான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அவரது உதவியாளர் ஜோனதன் செனெக் முதலாவதற்குச் செங்குத்தாக இன்னொரு சுருளை வைத்தார். அதில் சீராக வளர்ந்து சட்டென்று விழும் மின்னோட்டத்தைச் செலுத்தினார். புள்ளி இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் நடந்து, மின்னலாகத் திரும்பி, மறுபடி நடந்தது. 1899இன் இந்தச் சிறு வேலையைப் பாடப்புத்தகங்கள் அரை வரியில் தாண்டிவிடுகின்றன. நேரமே மின்சாரமாக மாறியது இங்குதான் என்பதால், எனக்கு இதுதான் ஆசிலாஸ்கோப்பின் பிறந்தநாள். பிரவுன் தன் குழாய்க்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1909இல் அவருக்கு மார்க்கோனியோடு சேர்த்துக் கிடைத்த நோபல் பரிசும் கம்பியில்லாத் தந்திக்காகக் கிடைத்தது.

குழாய்தானே மூலக் கண்டுபிடிப்பு, கிடைச் சுருள் ஓர் ஒட்டுவேலை என்று ஒருவர் வாதாடலாம். குழாய் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்பதை மறுக்கப் போவதில்லை. ஆனால் குழாய் நன்றாகத் தேறிய பிறகும் கிடைக்கோடு தகராறு செய்துகொண்டே இருந்ததைப் பார்க்க வேண்டும். 1922வாக்கில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஜே.பி. ஜான்சன், சூடான கேதோடுடன் சில நூறு வோல்ட்டில் வேலை செய்யும் குழாயைத் தந்தார். உயர் மின்னழுத்தத்தோடு மல்லுக்கட்டிய காலம் முடிந்தது. குழாய் மேசைமேல் வந்தது. கிடை ஓட்டத்துக்கு ஒரு ரம்பப்பல் ஆசிலேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதன் வேகத்தை அலையின் வேகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, சிக்னலில் துளியை அதற்குள் ஊட்டினால் இரண்டும் பூட்டிக்கொண்டு படம் நிற்கும். சிங்க் என்று பெயர். படம் நின்றது, ஆனால் அதில் ஒரு கட்டம் எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்டால் கருவிக்கே தெரியாது. ஊட்டல் அதிகமானால் கோடு நீண்டு சுருங்கிப் பொய்யும் சொல்லும். சீராகத் திரும்பி வராத சிக்னலாக இருந்தால் படமே நிற்காது. கிடையில் ஓடியது நேரந்தான், ஆனால் மணி காட்டாத கடிகாரத்தின் நேரம்.

இந்தக் குறையை மறைக்கத்தான் லிசாஜு வடிவங்கள் ஆய்வகத்தில் அவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தன. 1857இல் லிசாஜு இரண்டு இசைக்கவைகளில் கண்ணாடி ஒட்டி ஒளியால் வரைந்த உருவங்கள் அவை. 1815இலேயே பௌடிச் அவற்றை ஆராய்ந்திருந்தார். கிடை ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் அலைவெண் தெரிந்த இன்னொரு சைன் அலையைக் கொடுத்தால் திரையில் வட்டமோ, எட்டு வடிவமோ, பின்னலோ தோன்றும். தொடும் இடங்களை எண்ணினால் விகிதம் கிடைக்கும். கடிகாரம் நம்பிக்கைக்கு உரியதாக இல்லாத கருவியில் அலைவெண்ணை அளக்க இதைவிட நல்ல வழி கிடையாது. லிசாஜுவைக் குறைத்துப் பேசலாமா, விகிதத்தையும் கட்ட வேறுபாட்டையும் அதைப்போல் கண்ணுக்குக் காட்டும் சோதனை வேறு எது என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. கட்ட வேறுபாடு 90 பாகை என்பதை வட்டமாகப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் அந்தச் சோதனை வெற்றி பெறுவதே நேர அச்சைக் கழற்றி ஓரமாக வைப்பதால்தான். டைம் பேஸ் நம்பகமாகிவிட்ட பிறகும் அலைவெண் அளக்க லிசாஜு மட்டுமே செய்முறைப் பட்டியலில் தொடர்ந்தால், மாணவர் கருவியின் பழைய ஊனத்துக்கான ஊன்றுகோலைப் பாடமாகப் படிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த ஊனத்தைத் தீர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் இயற்பியல் ஆசிரியர்களல்ல. முதல் நெருக்கடி உடலியலாளர்களுக்கு வந்தது. நரம்பில் ஓடும் துடிப்பு மில்லிசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும், தானாக மீண்டும் வராது. செயின்ட் லூயிஸில் எர்லாங்கரும் காஸரும் 1922இல் கேதோடு கதிர்க் குழாயில் அதைப் பார்த்தபோது, நரம்புக்குக் கொடுக்கும் தூண்டலையும் கிடை ஓட்டத்தையும் ஒரே நொடியில் சேர்ந்து தொடங்க வைத்தார்கள். மங்கிய கோட்டைப் படம் பிடிக்கப் பலமுறை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டினார்கள். 1944இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. நிகழ்வு தொடங்கும்போதுதான் கடிகாரமும் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இதில் முழுதாக இருக்கிறது. 1934இல், மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட் கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓர் அளவைத் தாண்டும்வரை சும்மா இருந்து, தாண்டியதும் முழுதாகப் பாயும் நரம்பின் குணத்தை ஒத்த வால்வுச் சுற்றொன்றைச் செய்து 1938இல் வெளியிட்டார். ஷ்மிட் ட்ரிகர் என்று மின்னணுவியல் மாணவர்கள் எல்லாரும் வரைகிற சுற்று அதுவே.

இரண்டாவது நெருக்கடி போர். ராடார் திரையில் கிடைக்கோடு நேரமாகவும் தூரமாகவும் ஒரே சமயத்தில் இருந்தது. துடிப்பு வானுக்குப் போகும் கணத்தில் புள்ளி இடப்பக்கத்திலிருந்து கிளம்பும். எதிரி விமானத்தில் மோதித் திரும்பிய எதிரொலி வழியில் ஒரு முகடாக நிற்கும். ஒரு மைக்ரோசெகண்ட் என்றால் 150 மீட்டர். இங்கே கோட்டின் அளவுகோல் தெரியாமலிருப்பது உயிர்ச் சங்கதி. அமெரிக்காவின் ரீட் கல்லூரியில் இயற்பியல் படித்த ஹோவர்ட் வோலம் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ராடார் வேலையில் இருந்தார். திரும்பி வந்து, 1946இல் ஒரிகானின் போர்ட்லண்டில் ஜாக் மர்டாக்கோடு சேர்ந்து டெக்ட்ரானிக்ஸைத் தொடங்கினார். 1947இல் வந்த அவர்களுடைய 511 மாடலில் கிடை ஓட்டம் தானாக ஓடிக்கொண்டிருக்காது. சிக்னல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டும்வரை புள்ளி இடது ஓரத்தில் காத்திருக்கும், தாண்டியதும் ஒருமுறை ஓடும், மறுபடி காத்திருக்கும். ஓடும் வேகமும் அளவிட்டு எழுதப்பட்டது. விலை 795 டாலர். முதல் கருவி போனது ஒரிகான் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு, நரம்பும் தசையும் ஆராய்கிறவர்களின் உலகத்துக்கு. செனெக் தொடங்கிய வேலை இங்கே முடிந்தது என்று சொல்லலாம்.

அதே 1947இல் மிஷிகனின் ஹீத் கம்பெனி, போரில் மிஞ்சிய குழாய்களையும் உதிரிகளையும் மூட்டை கட்டி, வாங்குபவரே பற்றவைத்துக்கொள்ளும் ஆசிலாஸ்கோப் கிட் ஒன்றை 39.50 டாலருக்கு விற்றது. அதில் இருந்தது பழைய தானோட்ட முறை. இருபதில் ஒரு பங்கு விலை. அந்த விலை வித்தியாசத்தின் சாரம் நேர அச்சில் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அளவிட்ட நேரம், ஆரம்ப மாணவர்களுக்கும் ரேடியோ பிரியர்களுக்கும் உத்தேச நேரம் என்று உலகம் இரண்டாகப் பிரிந்து பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. நம் கல்லூரிகளில் போஸ்ட் ஆபீஸ் பாக்ஸும் மீட்டர் பிரிட்ஜும் சி.ஆர்.ஓ.வும் ஒரே அறையில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தன. காலை மேசையில் கணத்தை ஒதுக்கச் சொல்லிக்கொடுத்து, மதிய மேசையில் கணத்தைப் பிடிக்கச் சொன்னோம். இரண்டும் மின்சாரத்தைப் பற்றிய இரு வேறு கேள்விகள் என்பதை யாரும் மாணவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

கேள்வி எப்படி மாறுகிறது என்பதை 10 கிலோஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் காட்டிவிடும். இரண்டையும் தொடராக இணைத்து 100 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் காலமாறிலி 1 மில்லிசெகண்ட். டைம் பேஸை ஒரு கட்டத்துக்கு 1 மில்லிசெகண்டில் வைத்தால் மின்தேக்கியின் மின்னழுத்தம் முதல் கட்டம் முடிவதற்குள் உயரத்தில் 63 சதவீதம் ஏறிவிடுவது தெரியும். ஐந்தாவது கட்டத்தில் ஏறக்குறைய படுத்துவிடும். இனி மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தையும் பார்க்கலாமென்று, மாணவர் ப்ரோபின் முதலைக் கிளிப்பைச் சுற்றின் நடுவே மாட்டுகிறார். அலை திடீரென்று சதுரமாகிவிடுகிறது, ஏறும் வளைவைக் காணோம். கிளிப் பூமியோடு இணைந்தது. ஜெனரேட்டரின் மறுமுனையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே மாட்டிய மின்தேக்கி குறுக்குச்சுற்றாகி மேடையை விட்டே போய்விட்டது. மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றி வைத்தால் தீர்ந்தது. இந்தத் தவறைச் செய்யாதவர் யாருமில்லை, இதைவிட நல்ல பாடமும் இல்லை. சுழிமுறையில் அளவி சுற்றிலிருந்து ஒன்றும் எடுக்காமல் ஒதுங்கி நின்றது. இங்கே அளப்பவரும் சுற்றின் ஓர் உறுப்பு.

இனி இன்றைய ஆட்சேபம். டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்பில் ஆட்டோ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் வோல்ட் அளவு, நேர அளவு, ட்ரிகர் மட்டம் மூன்றையும் கருவியே தேர்ந்து, அலையை நடுத்திரையில் நிறுத்தி, அலைவெண்ணையும் எழுதிக் காட்டிவிடும். குமிழ் திருகுவதைப் பாடமென்று பிடிவாதம் பிடிப்பது, லாகரிதம் புத்தகத்துக்காகக் கால்குலேட்டரைத் தடைசெய்வது போன்றதல்லவா என்று கேட்கிறார்கள். பழமையைக் கட்டிக்கொண்டு அழ எனக்கும் விருப்பமில்லை. டிஜிட்டல் கருவி தந்த கொடை மிகப் பெரிது. அதற்கு ஞாபகம் உண்டு. ஒரு சுவிட்சைப் போட்டவுடன் அதன் தொடுமுனை சில மில்லிசெகண்ட் துள்ளித் துள்ளி அடங்குவதை, போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் மறைக்கச் சொன்ன அதே கணத்தை, இப்போது யாரும் பிடித்து நிறுத்திப் பார்க்கலாம். டெல்லியிலுள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் ஃபீனிக்ஸ் திட்டம் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் பெட்டி, கணினியையே மலிவான ஆசிலாஸ்கோப்பாக்கி, நேரத்தையும் மின்னழுத்தத்தையும் இரண்டு எண் பத்திகளாகக் கையில் கொடுக்கிறது. 511 வாங்க முடியாத கல்லூரிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தச் சுவிட்ச் துள்ளலை ஆட்டோ பட்டன் பிடிக்காது என்பதைக் கவனியுங்கள். அது திரும்பத் திரும்ப வரும் அலைக்காகச் செய்யப்பட்டது. ஒருமுறை மட்டும் நடப்பதைக் கண்டால் திகைத்து நிற்கும். எந்த மட்டத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, அதற்கு எவ்வளவு முன்னாலிருந்து எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். பழைய சிங்க் சொன்ன பொய் புதிய உருவத்திலும் வரும். நொடிக்கு 1,000 புள்ளி மட்டும் எடுக்கும்படி நேர அளவை வைத்துவிட்டு 990 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், திரையில் 10 ஹெர்ட்ஸ் அலை அழகாக, சலனமில்லாமல் தோன்றும். ஜூபேரின் தொடுமுனை தெரிந்தே செய்ததை இது தெரியாமல் செய்துவிடுகிறது. கால்குலேட்டர் உவமை இங்கேதான் இடறுகிறது. கால்குலேட்டர் விடையை மட்டும் தருகிறது, கணக்கு நம்முடையதாகவே இருக்கிறது. ஆட்டோ பட்டனோ கேள்வியையே தேர்ந்துவிடுகிறது. அது எடுக்கிற மூன்று முடிவுகளில் இரண்டு, மனிதர்கள் 50 ஆண்டு மல்லாடிக் கண்டுபிடித்தவை.

கடைசியாக ஒரு கடினமான ஆட்சேபம். மின்சுற்றின் அடிப்படையே புரியாத மாணவருக்குத் திரை எதற்கு? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், பேட்டரிகளும் ஒரே மாதிரி. ஒரு பல்பு தனியாக, இரண்டு தொடராக, இரண்டு பக்க இணைப்பில். பிரகாசத்தை வரிசைப்படுத்து என்பதே கேள்வி. கால்குலஸோடு இயற்பியல் படித்த மாணவர்களிலேயே சுமார் 15 சதவீதத்தினர்தான் சரியாகச் சொன்னார்கள். பேட்டரியிலிருந்து எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் கிளம்பும், வழியிலுள்ள பல்புகள் அதைத் தின்று தீர்க்கும் என்பது பலருடைய மனப்படம். பல்பும் பேட்டரியும் முதலில், ஆசிலாஸ்கோப் பிறகு என்ற வரிசையை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தவறான மனப்படத்தைக் கூர்ந்து பாருங்கள், அதற்குள் ஒரு நேர அச்சு ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் முதலில் இந்தப் பல்புக்கு வருகிறது, அப்புறம் அடுத்ததற்குப் போகிறது என்று மாணவர் ஒரு கதையை ஓட்டுகிறார். நிலைத்த சுற்றில் அந்தக் கதைக்கு இடமில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் உண்மையில் என்ன ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் என்று அவர் காட்டுவதில்லை. காட்டக் கருவி இல்லாத காலத்தில் அமைந்த பாடமுறை அது.

காட்டுவதற்குப் பெரிய செலவும் ஆகாது. 20 மீட்டர் கோஆக்சியல் கேபிள், குறுகிய துடிப்பைத் தரும் ஒரு ஜெனரேட்டர், சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. போதும். கேபிளில் துடிப்பு ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது. டைம் பேஸை ஆகக் கூடிய வேகத்துக்குத் திருகி, அனுப்பும் துடிப்பிலேயே ட்ரிகரை வைத்து, மறுமுனையை ஒன்றிலும் மாட்டாமல் திறந்து விட்டால், முதல் முகடுக்கு வலப்பக்கத்தில் 200 நானோசெகண்ட் தள்ளி இரண்டாவது முகடு நிமிர்ந்து நிற்கும். அது கேபிளின் கோடி வரை போய், அங்கே வழியில்லை என்று கண்டு திரும்பி வந்தது. மறுமுனையில் கம்பியையும் உறையையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக் குறுக்குச்சுற்றாக்கினால் அதே முகடு அதே இடத்தில் தலைகீழாகத் தொங்கும். 50 ஓம் மின்தடை ஒன்றை அங்கே மாட்டினால் திரும்பி வர ஒன்றுமில்லை, கோடு தட்டையாகிவிடும். கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று இன்றைய தொலைத்தொடர்புப் பழுதுபார்ப்பவர் மீட்டர் கணக்கில் சொல்வது இந்த இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை எண்ணித்தான். போஸ்ட் ஆபீஸ் பாக்ஸோடு கரையில் உட்கார்ந்திருந்த தந்திப் பொறியாளர் பிளக் பிளக்காகப் பிடுங்கி, முள் அடங்கும்வரை காத்திருந்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத் தேடியதும் அதே மீட்டர் கணக்கைத்தான்.